ரிலீஸ் பில்டில் மட்டும் விழும் செயலி: உருமறைப்புக் கருவிகளைக் கையாளும் முறை

ஆண்ட்ராய்டு செயலியின் ரிலீஸ் பில்டில் உருமறைப்பை இயக்கிவிட்டால், நிரலாளர் பார்த்துப் பார்த்து வைத்த பெயர்கள் அழிந்து ஏ, பி, சி என்று ஒற்றை எழுத்துகளாகிவிடும். ‘ஆர்டர் ரெப்போசிட்டரி’ என்ற கிளாஸ் ‘பி2’ ஆகும். அதற்குள் மொத்தத் தொகையைக் கணக்கிட்ட மெத்தட் வெறும் ‘ஏ’ ஆகும். ஆப்ஃபஸ்கேஷன் என்று தொழிலில் சொல்லப்படும் இந்த வேலையின் நோக்கம் எளியது: செயலியைப் பிரித்துப் பார்க்கும் அந்நியர் உள்ளே நடப்பதைச் சுலபமாகப் படித்துவிடக் கூடாது. ஆனால் கருவிக்கு அந்நியர் யார், வீட்டுக்காரர் யார் என்று தெரியாது. பெயரை நம்பி எழுதப்பட்ட நிரலையும் அது குழப்புகிறது. செயலி விழுந்தபின் காரணம் தேடும் நிரலாளரையும் குழப்புகிறது. ‘டிபக்கில் ஓடுகிறது, ரிலீஸில் விழுகிறது’ என்ற பழைய புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே ஊற்று.

கருவி உண்மையில் செய்வது

நெடுங்காலம் ஆண்ட்ராய்டு பில்டுக்குள் இருந்தது புரோகார்டு. பெல்ஜியத்தைச் சேர்ந்த எரிக் லஃபார்ச்சூன் ஜாவா நிரல்களுக்காக 2002இல் வெளியிட்ட திறமூலக் கருவி அது. பின்னர் கூகிள் ஆர்8 என்று சொந்தமாக ஒன்றை எழுதி, 2019இல் வந்த ஆண்ட்ராய்டு கிரேடில் பிளகின் 3.4இலிருந்து அதையே வழக்கமாக்கியது. விதிகளை எழுதும் இலக்கணம் மட்டும் மாறவில்லை. அதனால் ஆர்8 ஓடும் அலுவலகங்களிலும் இன்றுவரை ‘புரோகார்டு ரூல்ஸ்’ என்றே பேச்சு. விதிக் கோப்பின் பெயரும் அதுவே.

பெயர் மாற்றுவது ஆர்8இன் மூன்று வேலைகளில் ஒன்று, அதிலும் சாதுவானது. முதல் வேலை சுருக்குதல்: செயலியின் நுழைவாயில்களில் தொடங்கி, எந்த மெத்தட் எதை அழைக்கிறது என்று நூல் பிடித்துப் போய், யாரும் தொடாத கிளாஸையும் மெத்தடையும் தூக்கி எறிவது. இரண்டாவது மெருகேற்றுதல்: சிறு மெத்தடை அதை அழைக்கும் இடத்திலேயே கரைத்துவிடுவது, ஒன்றிணைக்கக்கூடிய கிளாஸ்களை ஒன்றாக்குவது, ஒருபோதும் நிறைவேறாத கிளையை வெட்டுவது. மூன்றாவதுதான் பெயர் மாற்றம். ரிலீஸ் பில்டு விழுந்ததும் பழி இந்த மூன்றாவதன் மேல் போகிறது. பல சமயம் குற்றம் முதல் இரண்டில் இருக்கும்.

பிரித்தறிய வழி உண்டு. விதிக் கோப்பில் ‘டோன்ட்ஆப்ஃபஸ்கேட்’ என்ற ஒற்றை வரியைச் சேர்த்துப் பில்டு செய்தால் பெயர் மாற்றம் மட்டும் நின்றுவிடும். அப்போதும் செயலி விழுந்தால் பெயருக்கும் கோளாறுக்கும் தொடர்பில்லை. அடுத்து ‘டோன்ட்ஆப்டிமைஸ்’, அதற்குப் பின் ‘டோன்ட்ஷ்ரிங்க்’. மூன்று பில்டில் குற்றவாளி எந்த அறையில் இருக்கிறான் என்று தெரிந்துவிடும். இந்த வரிகள் நோயைக் கண்டுபிடிக்க மட்டுமே. அவசரத்தில் அவற்றை அப்படியே விட்டு வெளியிட்ட செயலிகள் ஏராளம். உருமறைப்பு இயங்குவதாக எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பார்கள், கோப்பின் 140ஆம் வரி அதை என்றைக்கோ அணைத்து வைத்திருக்கும்.

பழைய புராஜெக்டுகளுக்கு 2023 ஒரு கெட்ட ஆண்டு. அவ்வாண்டு வந்த பிளகின் 8.0, ஆர்8இன் ‘ஃபுல் மோட்’ எனப்படும் கடுமையான முறையை இயல்பாக்கியது. அதற்கு முன்பு ஒரு கிளாஸைக் காப்பாற்றச் சொன்னால் அதன் வெற்றுக் கன்ஸ்ட்ரக்டரும் கூடவே பிழைத்தது. புதிய முறையில் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். ஜெனரிக் வகைகளைக் குறிக்கும் ‘சிக்னேச்சர்’ போன்ற தகவல்களும், காப்பாற்றச் சொல்லும் ‘கீப்’ விதியில் பெயர் வந்த கிளாஸ்களுக்கு மட்டுமே தங்கும். நிரலில் ஒரு எழுத்தும் மாறாமல், பிளகின் எண்ணை மட்டும் உயர்த்திய நாளில் செயலி விழுந்ததற்கு இதுவே காரணம். ரெட்ரோஃபிட் என்ற வலைத்தொடர்பு நூலகத்தில் ‘பாராமீட்டரைஸ்டு டைப் ஆக மாற்ற முடியவில்லை’ என்று வரும் பிழை இந்த இனத்தைச் சேர்ந்தது. கிரேடில் பிராப்பர்ட்டீஸ் கோப்பில் ஒரு வரி எழுதிப் பழைய முறைக்குத் திரும்பலாம். வெளியீட்டுக்கு நாள் நெருங்கிவிட்டால் அது நியாயம்தான். ஆனால் கடனைத் தள்ளிப் போடுவது என்று தெரிந்தே செய்ய வேண்டும்.

பெயரை நம்பிய நிரல்

கோளாறுகளில் பெரும்பகுதி ஒரே வேரிலிருந்து கிளைக்கிறது: ரிஃப்ளெக்‌ஷன். அதாவது, செயலி ஓடும் வேளையில் ஒரு கிளாஸையோ ஃபீல்டையோ அதன் பெயரைச் சொல்லித் தேடுவது. ஆர்8 நிரலைப் படிப்பது பில்டு நேரத்தில். அப்போது கண்ணில் படாத பயன்பாடு அதற்கு இல்லாத பயன்பாடு.

கோலாலம்பூரின் செந்தூலில் கடைவீட்டு மாடியில் இயங்கும் நால்வர் குழு ஒன்று, செலாயாங் மொத்தச் சந்தைக் காய்கறி வியாபாரிகளுக்கு விநியோகச் செயலி எழுதுவதாக வைத்துக்கொள்ளலாம். சர்வர் எழுதியவர்கள் ஜேசான் சாவிகளுக்கு மலாயில் ‘நாமா’, ‘அலாமாட்’, ‘ஜும்லா’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். செயலியின் கிளாஸிலும் அதே பெயரில் ஃபீல்டுகள். ஜீசான் நூலகம் இரண்டையும் பெயரால் பொருத்துகிறது. டிபக் பில்டில் எல்லாம் சரி. ரிலீஸில் ஃபீல்டுகளின் பெயர் ஏ, பி, சி ஆகிவிட்டதால் ‘நாமா’வுக்கு ஜோடி கிடைக்காது. செயலி விழவும் விழாது. வாடிக்கையாளர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவும், தொகை பூஜ்ய ரிங்கிட்டாகவும் திரையில் நிற்கும். லோரி கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஓட்டுநர் அலுவலகத்தை அழைப்பார். சர்வரில் பார்த்தால் தொகை சரியாக இருக்கும். கிராஷ் அறிக்கை எதுவும் வந்திருக்காது. விழுகிற செயலியைவிட இப்படி மௌனமாகத் தப்புச் செய்கிற செயலிதான் அதிக நாட்களைத் தின்கிறது.

இதே பிழைக்கு இன்னும் நுட்பமான ஒரு வடிவம் உண்டு. செயலி தன் தரவை ஜேசானாகக் கைப்பேசியிலேயே சேமிக்கிறது என்றால், முதல் பதிப்பு ‘ஏ’ என்ற சாவியில் பெயரையும் ‘பி’யில் முகவரியையும் எழுதியிருக்கும். அதே பதிப்பு அதே எழுத்துகளால் திரும்பப் படிக்கும்வரை சோதனையில் எதுவும் தெரியாது. அடுத்த பதிப்பில் ஒரு ஃபீல்டு கூடி எழுத்துகள் இடம் மாறினால், புதுப்பித்த கைப்பேசிகளில் முகவரி இருந்த இடத்தில் பெயர் வந்து உட்காரும். புதிதாக நிறுவிச் சோதிக்கும் எவருக்கும் இது சிக்காது. பழைய ரிலீஸை நிறுவி, தரவு உண்டாக்கி, அதன் மேலேயே புதிய ரிலீஸை நிறுவிப் பார்ப்பது ஒன்றுதான் இதைப் பிடிக்கும் சோதனை.

‘அப்ஸ்ட்ராக்ட் கிளாஸை உருவாக்க முடியாது’ என்று ஜீசான் தரும் பிழையும் பலரைத் திகைக்க வைத்திருக்கிறது. நிரலில் அப்படி ஒரு கிளாஸே இருக்காது. நடந்தது வேறு: அந்தக் கிளாஸின் பொருளை உருவாக்குவது ஜீசான் மட்டுமே, அதுவும் ரிஃப்ளெக்‌ஷன் வழியாக. நிரலில் எங்கும் உருவாக்கப்படாத கிளாஸ் என்று கண்ட ஆர்8, தானாகவே அதை அப்ஸ்ட்ராக்ட் ஆக்கிவிட்டது. கருவியின் தர்க்கத்தில் பிழையில்லை. அதன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வேலை நடந்ததுதான் சிக்கல்.

தீர்வு இரண்டு. ஒவ்வொரு ஃபீல்டின் மேலும் ‘சீரியலைஸ்டு நேம்’ குறிப்பை எழுதி, ஜேசான் சாவியைச் சரமாகவே நிலைநிறுத்துவது ஒன்று. சரங்களை ஆர்8 மாற்றாது. இன்னொன்று, ரிஃப்ளெக்‌ஷனையே கைவிட்டு, பில்டு நேரத்தில் நிரல் உண்டாக்கித் தரும் கோட்லின் சீரியலைசேஷனுக்கோ மோஷியின் கோட்ஜென் முறைக்கோ மாறுவது. புதிதாகத் தொடங்கும் செயலிக்கு இரண்டாவதே தகும். விதி எழுதிக் காப்பாற்ற வேண்டிய இடங்களே குறைந்துவிடும்.

ஜேசானுக்கு வெளியிலும் பெயரை நம்பும் இடங்கள் உண்டு. சி மொழியில் எழுதிய நேட்டிவ் பகுதி, கோட்லின் மெத்தடைப் பெயர் சொல்லி அழைப்பது ஒன்று. கோட்லினிலிருந்து சிக்குப் போகும் அழைப்பை இயல்பு விதிகளே காக்கும்; சியிலிருந்து திரும்பி வரும் அழைப்பைக் காக்க நிரலாளர்தான் எழுத வேண்டும். கிளாஸின் பெயரையே சேமிப்புச் சாவியாக்குவது இன்னொன்று: அடுத்த பதிப்பில் பெயர் மாறியதும் பழைய சாவி கிடைக்காமல் பயனர் வெளியேற்றப்படுவார். திரைகளின் பெயரை கிளாஸ் பெயரிலிருந்து எடுத்து அனலிட்டிக்ஸுக்கு அனுப்பும் வழக்கமும் அப்படித்தான். மாத அறிக்கையில் ‘அதிகம் பார்க்கப்பட்ட திரை: கியூ3’ என்று வரும், கிளையன்ட் அதற்கு விளக்கம் கேட்பார்.

கீப் விதிகள்

எதைத் தொடக் கூடாது என்று ஆர்8க்குச் சொல்வதே கீப் விதி. அவசரத்தில் எழுதப்படும் விதி ஒன்றே ஒன்று: செயலியின் முழு பேக்கேஜையும் அப்படியே வை. அன்றைய கிராஷ் உடனே நின்றுவிடும். அதோடு உருமறைப்பும் நின்றுவிடும். நூலகங்களின் பெயர்கள் மட்டும் மாறும். ஏற்கெனவே உலகுக்கே தெரிந்த திறமூல நிரல் மறைந்திருக்க, மறைக்க நினைத்த சொந்த நிரல் பெயரும் பொருளுமாகத் திறந்து கிடக்கும். தணிக்கையாளர், செயலியைப் பிரித்துக் காட்டும் ஜேடக்ஸ் கருவியில் கோப்பைத் திறந்த முதல் நிமிடத்திலேயே இதைக் காண்பார்.

நல்ல விதி குறுகியது. ஒரு காரணத்தோடு பிறந்தது. ஒவ்வொரு விதியின் மேலும் அது எதற்காக, எந்தக் கிராஷுக்குப் பின், எப்போது வந்தது என்று ஒரு வரிக் குறிப்பு இருந்தால் இரண்டு ஆண்டு கழித்து வருபவர் துணிந்து நீக்க முடியும். குறிப்பில்லாத விதியை நீக்க யாருக்கும் தைரியம் வராது. கோப்பு பெருத்துக்கொண்டே போகும்.

விதிகள் அந்த ஒரு கோப்பிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதும் நினைவிருக்க வேண்டும். சேர்க்கப்படும் ஒவ்வொரு நூலகமும் தன் விதிகளைத் தன்னோடு சுமந்து வரலாம். ஒரு நூலகத்தின் விதிக் கோப்பில் ‘டோன்ட்ஆப்ஃபஸ்கேட்’ என்று யாரோ எழுதியிருந்ததால் முழுச் செயலியின் உருமறைப்பும் அணைந்துபோன நிகழ்வுகள் உண்டு. ‘பிரிண்ட்கான்ஃபிகரேஷன்’ என்ற ஆணை, எல்லா மூலங்களிலிருந்தும் திரண்ட முழு விதித் தொகுப்பையும் ஒரே கோப்பில் எழுதித் தரும். ‘ஒய்ஆர்யூகீப்பிங்’ என்ற ஆணை ஒரு கிளாஸ் ஏன் பிழைத்திருக்கிறது என்று சங்கிலியாகக் காட்டும். அதிகம் பயன்படாத இந்த இரண்டும் ஊகித்து ஊகித்துச் செலவாகும் மாலைகளை மிச்சப்படுத்தும்.

பிளகின் 8.0இலிருந்து, ஏதாவது கிளாஸ் காணவில்லை என்றால் பில்டே நின்றுவிடுகிறது. கூடவே ‘மிஸ்ஸிங் ரூல்ஸ்’ என்ற கோப்பில் ‘டோன்ட்வார்ன்’ வரிகள் தயாராகக் கிடைக்கின்றன. அவற்றை வெட்டி ஒட்டினால் பில்டு ஓடிவிடும். ஒட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: அந்தக் கிளாஸ் உண்மையிலேயே தேவைப்படாததா, அல்லது சேர்க்க மறந்த நூலகமா? இரண்டாவதென்றால் எச்சரிக்கையை மூடியது, பில்டில் தெரிந்திருக்க வேண்டிய பிழையைப் பயனரின் கைக்கு அனுப்பியதாகும்.

மேப்பிங் கோப்பு

உருமறைத்த செயலி பயனரின் கையில் விழும்போது வரும் ஸ்டாக் டிரேஸில் இருப்பதெல்லாம் ஒற்றை எழுத்துகள். எந்தப் பழைய பெயர் எந்தப் புதிய பெயரானது என்ற முழுப் பட்டியலை ஆர்8 ஒவ்வொரு பில்டிலும் மேப்பிங் கோப்பாக எழுதிவைக்கிறது. ரீட்ரேஸ் என்ற கருவியிடம் அந்தக் கோப்பையும் ஸ்டாக் டிரேஸையும் கொடுத்தால் பழைய பெயர்கள் திரும்பக் கிடைக்கும். வரி எண்களும் வேண்டுமானால், அவற்றை வைத்திருக்கும்படி ‘கீப்ஆட்ரிபியூட்ஸ்’ விதியில் சொல்லியிருப்பது நல்லது.

அந்தக் கோப்பு அந்த ஒரு பில்டுக்கு மட்டுமே பொருந்தும். ஒரு மெத்தடைச் சேர்த்தாலே பெயர்கள் தள்ளிப் போகலாம். அடுத்த பில்டு ஓடியதும் பழைய கோப்பு அதே இடத்தில் மேலெழுதப்பட்டுவிடும். மடிக்கணினியில் பில்டு செய்து நேரே பிளே ஸ்டோருக்கு அனுப்பும் குழுக்கள் இதில்தான் சிக்குகின்றன: பதிப்பு 2.3இல் விழுகிறது, கையில் இருப்பதோ 2.5இன் மேப்பிங். பழைய கமிட்டுக்குத் திரும்பி மீண்டும் பில்டு செய்தால் அதே கோப்பு கிடைக்கலாம். ஆனால் பிளகின், ஆர்8, நூலகங்கள் எல்லாம் அன்றைய அதே எண்ணில் இருந்தால்தான்.

ஆப் பண்டில் வடிவில் பிளே ஸ்டோருக்கு ஏற்றினால் மேப்பிங் அதோடு சேர்ந்தே போய்விடும். பிளே கன்சோலில் தெரியும் கிராஷ்கள் பெயர் மீட்கப்பட்டே தெரியும். 2021 ஆகஸ்டிலிருந்து புதிய செயலிகளுக்குப் பிளேயில் பண்டில் கட்டாயம் என்பதால் அங்கே பாதிக் கவலை தீர்ந்தது. ஹுவாவே ஆப்கேலரிக்கும், கிளையன்ட் தன் ஊழியர்களுக்கு நேரடியாகக் கொடுக்கும் ஏபிகேவுக்கும் அந்த வசதியை நம்பி இருக்கக் கூடாது. எந்த வழியில் வெளியானாலும், பதிப்பு எண்ணைப் பெயராக இட்ட ஃபோல்டரில் மேப்பிங்கைப் பத்திரப்படுத்துவதை பில்டு ஸ்கிரிப்டே செய்ய வேண்டும். மனிதர் நினைவுக்கு விட்டால் ஒரு நாள் தவறும். தவறிய அந்தப் பதிப்பில்தான் கிராஷ் வரும். இன்னொன்று: மேப்பிங் கோப்பு உருமறைப்பின் சாவி. அதைப் பொது ரெப்போசிட்டரியில் போடுவது, பூட்டிய கதவில் சாவியைத் தொங்கவிடுவது.

தணிக்கையும் கட்டணக் கருவிகளும்

மலேசியாவில் சிறு குழுக்கள் உருமறைப்பைத் தாமாக விரும்பித் தேடுவது அரிது. பெரும்பாலும் ஒப்பந்தத்தின் வழியாக அது வந்து சேரும். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் தொழில்நுட்ப இடர் மேலாண்மைக் கொள்கை 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. நிதி நிறுவனங்களின் கைப்பேசிச் செயலி, யாரும் கைவைத்து மாற்ற முடியாத பாதுகாப்பான சூழலில் இயங்க வேண்டும், ரூட் அல்லது ஜெயில்பிரேக் செய்த சாதனத்தில் இயங்கக் கூடாது, பின் எண்ணையும் கடவுச்சொல்லையும் சேமிக்கக் கூடாது என்று அதன் பிற்சேர்க்கை சொல்கிறது. அது வங்கிக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுதப்பட்டது. ஆனால் அவர்களுக்கு ஒரு சிறு பகுதியை எழுதித் தரும் செந்தூல் குழுவின் மேசைக்கும் ஊடுருவல் சோதனை அறிக்கையாக அது இறங்கி வருகிறது. அதில் ‘நிரல் உருமறைக்கப்படவில்லை’ என்ற வரி அநேகமாக இருக்கும்.

இந்த நெருக்கடிக்குப் பின்னணி உண்டு. 2021 இறுதியிலிருந்து மலேசியாவில் வீட்டுத் துப்புரவுச் சேவை என்ற பெயரில் போலிச் செயலிகள் ஃபேஸ்புக் விளம்பரம் வழியாகப் பரவின. 2022 ஏப்ரலில் ஈசெட் நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, அவை மேபேங்க், சிஐஎம்பி, பப்ளிக் பேங்க் உள்ளிட்ட 8 வங்கிகளின் வாடிக்கையாளரைக் குறிவைத்தன. பயனர் பணம் கட்டப் போகும்போது, இணையவழிப் பணம் கட்டும் வசதியான எஃப்பிஎக்ஸ் போலவே ஒரு பக்கம் வரும். அங்கே கொடுத்த கடவுச்சொல் திருடனுக்குப் போகும். கைப்பேசிக்கு வரும் எஸ்எம்எஸ்களும் அவனுக்கே திருப்பி அனுப்பப்படும். 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, எஸ்எம்எஸ் ஓடிபியை விட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி வங்கிகளைப் பணித்தது.

கவனிக்க வேண்டியது: இந்த மோசடியில் யாரும் வங்கிச் செயலியின் நிரலை உடைத்துப் படிக்கவில்லை. அதை எவ்வளவு ஆழமாக உருமறைத்திருந்தாலும் இந்தத் திருட்டு நடந்தே இருக்கும். உதவியது ஓடிபி முறையை மாற்றியதும், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவப்பட்ட சந்தேகத்துக்குரிய செயலிகளை வங்கிச் செயலி கண்டுகொள்ளச் செய்ததும்தான். உருமறைப்பும் இத்தகைய கண்டறிதலும் ‘ஷீல்டிங்’ என்ற ஒரே பெயரில், ஒரே விலைப்பட்டியலில் விற்கப்படுவதால், எது எதைத் தடுக்கிறது என்பது வாங்குபவருக்கும் எழுதுபவருக்கும் மங்கிவிடுகிறது.

புரோகார்டை எழுதியவரின் கார்டுஸ்கொயர் நிறுவனம் விற்கும் டெக்ஸ்கார்டு போன்ற கட்டணக் கருவிகள், பெயர் மாற்றத்தோடு சரங்களைக் குறியாக்கும், நிரலோட்டத்தைச் சிக்கலாக்கும், ஓடும்போதே டிபக்கரையும் ரூட்டையும் கண்டறியும். ஆர்8 சிக்கலெல்லாம் இங்கும் உண்டு. கூடவே புதிய வகை ஒன்றும் சேர்கிறது: கருவியின் உள்ளே பார்க்க முடியாது. கருவி உண்டாக்கிய கிராஷுக்கும் நிரலாளரின் பிழைக்கும் வேறுபாடு காண்பது கடினம். சில கைப்பேசி மாடல்களில் மட்டும் விழும். டெவலப்பர் ஆப்ஷன் திறந்திருந்தாலே செயலியை மூடும் அமைப்பும் உண்டு. அப்போது செயலியை எழுதியவரின் சொந்தக் கைப்பேசியிலேயே அது திறக்காது.

கருவியின் காலண்டரும் கூகிளின் காலண்டரும் ஒத்துப்போகாதது அடுத்த தொல்லை. 2023இல் பிளகின் 8.0 பழைய டிரான்ஸ்ஃபார்ம் ஏபிஐயை நீக்கியபோது, அதன் மேல் கட்டப்பட்ட பைட்கோடு கருவிகள் எல்லாம் மாற்றி எழுதப்படும்வரை பயனர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டு 15ஐயும் அதற்கு மேலும் குறிவைக்கும் செயலிகள் 16 கேபி நினைவகப் பக்க அளவுக்கு ஒத்துப்போக வேண்டும் என்ற பிளே ஸ்டோர் விதி 2025 நவம்பர் 1இல் வந்தபோதும் இதே கதை. செயலியில் சொந்தமாக ஒரு வரி சியும் இல்லாவிட்டாலும், பாதுகாப்புக் கருவி செருகிய நேட்டிவ் நூலகம் பழைய அளவில் கட்டப்பட்டிருந்தால் தடை செயலிக்குத்தான். ஆகவே விலைப் பேச்சில் முதலில் கேட்க வேண்டியது, புதிய பிளகின் வந்தபின் எத்தனை நாளில் ஆதரவு தருவார்கள் என்பது.

சோதனையில் அடிக்கடி விடுபடும் ஒரு கூட்டமும் உண்டு. மால்வேர்கள் ஆண்ட்ராய்டின் அணுகல்தன்மைச் சேவையைத் தவறாகப் பயன்படுத்துவதால், சில ஷீல்டிங் அமைப்புகள் அந்தச் சேவை இயங்கினாலே செயலியைத் தடுக்கின்றன. பார்வையற்றோர் திரையைக் காதால் படிக்க நம்பியிருக்கும் டாக்பேக் அதே சேவையில்தான் ஓடுகிறது. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறது. செந்தூல் குழு அங்கே போய்க் கேட்டுப் பார்க்கச் சில நிலையங்கள்தான். டாக்பேக்கை இயக்கி ஒருமுறை முழுச் செயலியையும் நடத்திப் பார்க்காமல் ஷீல்டிங்கை வெளியிடக் கூடாது.

கட்டணக் கருவி உள்ள பில்டு விழுந்தால் தேடும் வரிசை இது: முதலில் அந்தக் கருவியை முழுதாக அணைத்து ஆர்8 மட்டும் வைத்து ஓட்டுவது, சரியாக இருந்தால் சரக் குறியாக்கம், நிரலோட்ட மாற்றம், ஓடுநேரச் சோதனை என்று அடுக்கடுக்காக மீண்டும் சேர்ப்பது. நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுமுன் எந்த அடுக்கு என்று தெரிந்திருந்தால், பதில் கிடைக்க ஆகும் காலம் பாதியாகும்.

மற்ற தளங்கள்

ஃப்ளட்டரில் பில்டு ஆணையோடு ‘ஆப்ஃபஸ்கேட்’, ‘ஸ்பிளிட் டிபக் இன்ஃபோ’ என்ற இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் டார்ட் நிரலின் பெயர்கள் மாறும். தனியே எழுதப்படும் குறியீட்டுக் கோப்புகளே அங்கு மேப்பிங். ‘ரன்டைம் டைப்’பைச் சரமாக்கி ஒப்பிடும் டார்ட் நிரல் இதில் உடையும். ரியாக்ட் நேட்டிவில் மெட்ரோ ஜாவாஸ்கிரிப்டைச் சுருக்குகிறது, ஹெர்மெஸ் அதைப் பைட்கோடாக்குகிறது. படிக்கக் கடினமே தவிர அதை உருமறைப்பு என்று தணிக்கையாளர் ஏற்பதில்லை. ஐஓஎஸில் ஆப்பிள் தரும் உருமறைப்புக் கருவி எதுவும் இல்லை. ஸ்விஃப்ட் நேரே இயந்திர மொழியாவதால் தேவையும் சற்றுக் குறைவு. அங்கே கிராஷில் பெயர்களை மீட்கும் டிசிம் கோப்பைப் பத்திரப்படுத்தினால் போதும்.

மறையாதவை

ஆர்8 சரங்களை மறைப்பதில்லை; மேனிஃபெஸ்டை மறைப்பதில்லை; படங்களையும் தொகுப்புக் கோப்புகளையும் மறைப்பதில்லை. செயலிக்குள் எழுதிவைத்த பேமண்ட் கேட்வேயின் ரகசியச் சாவி, ஜேடக்ஸில் தேடல் பெட்டியைத் திறந்தவருக்கு அரை நிமிட வேலை. சரங்களைக் குறியாக்கும் கட்டணக் கருவியும் முடிவான விடை இல்லை. செயலி அந்தச் சரத்தைப் பயன்படுத்த ஏதோ ஒரு நொடியில் அவிழ்த்தே ஆக வேண்டும். ஃபிரிடா போன்ற கருவியால் அந்த நொடியில் எட்டிப் பார்க்கலாம். எந்த நிரலுக்கும் பொருந்தும் முழுமையான உருமறைப்பு சாத்தியமில்லை என்று போவாஸ் பராக்கும் உடனிருந்தோரும் 2001இல் கணித வழியிலேயே நிறுவினார்கள். ரகசியத்தின் இடம் சர்வர். வரைபடச் சாவி போல செயலிக்குள் வைத்தே தீர வேண்டியவற்றை, குறிப்பிட்ட பேக்கேஜ் பெயருக்கும் கையொப்பச் சான்றிதழுக்கும் மட்டுமே பலிக்கும்படி கட்டுப்படுத்த வேண்டும்.

தணிக்கை அறிக்கைக்குப் பதில் எழுதும்போது, கைப்பேசிச் செயலிப் பாதுகாப்புக்கான ஓவாஸ்பின் எம்ஏஎஸ்விஎஸ் தரநிலை கைகொடுக்கும். உருமறைப்பை அது ‘ரெசிலியன்ஸ்’ என்ற தனிப் பிரிவில் வைக்கிறது; சேமிப்பு, வலைத்தொடர்பு, அடையாளச் சரிபார்ப்பு ஆகிய பிரிவுகளுக்கு மேல் கூடுதல் அடுக்கு அது, அவற்றுக்கு ஈடு அல்ல.

எப்போது இயக்குவது

வெளியீட்டுக்கு முந்திய வாரத்தில் முதன்முறை உருமறைப்பை இயக்கினால், ஓராண்டு எழுதிய நிரலில் ஒளிந்திருந்த ரிஃப்ளெக்‌ஷன் எல்லாம் ஒரே நாளில் வெளிவரும். தொடக்க வாரத்திலேயே இயக்கியிருந்தால் அவை ஒவ்வொன்றாக, நூலகம் சேர்த்த அன்றைக்கே தெரிந்திருக்கும். நிரலாளர்கள் தினசரி வேலைக்கு டிபக் பில்டையே வைத்துக்கொள்ளலாம். அங்கே வேகம் முக்கியம். ஆனால் சோதிப்பவர் கைக்கும் கிளையன்ட் கைக்கும் போகும் எந்தப் பில்டும் உருமறைத்ததாகவே இருக்க வேண்டும். தானியங்கிச் சோதனைகளில் உள்நுழைவு, பட்டியல், பணம் கட்டுதல் ஆகிய மூன்று பாதைகளையாவது உருமறைத்த பில்டின் மேல் ஓட்ட வேண்டும்.

விலை மதிப்பீட்டிலும் இதற்குத் தனி வரி வேண்டும். தணிக்கைத் திருத்தம், கருவி இணைப்பு, பிளகின் உயர்வு ஒவ்வொன்றுக்கும் வேலைநாள் பிடிக்கும். ஒப்பந்தத்தில் எழுதாத நாட்களைக் குழுவே தன் தூக்கத்திலிருந்து கொடுக்க நேர்கிறது.

செயலியைக் கிளையன்டிடம் ஒப்படைக்கும் நாளில் மூல நிரலோடு போக வேண்டியவை: வெளியான எல்லாப் பதிப்புகளின் மேப்பிங் கோப்புகள், குறிப்புகளோடு கூடிய விதிக் கோப்பு, பிளகின் மற்றும் ஆர்8 பதிப்பு எண்கள். கட்டணக் கருவி இருந்தால் அதன் உரிமம் யார் பெயரில் இருக்கிறது, என்றைக்கு முடிகிறது, முடிந்தபின் ரிலீஸ் பில்டு ஓடுமா நிற்குமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.